குழாய் போன வழி

கேஸ் குழாய் தெரு வழியாக வரப்போகிறது என்ற சேதி பூர்ணிமாவின் மாவு மில்லுக்குத்தான் முதலில் வந்தது. ஆம்பூர் புதுத்தெருவில் எந்தச் சேதியும் அப்படித்தான். மிஷின் ஓடும் சத்தத்தில் கத்திப் பேசினால்தான் காதில் விழும் என்பதால், ரகசியம் சொல்ல வந்தவர்களும் அங்கே கத்தித்தான் சொல்வார்கள். அன்று மிளகாய் அரைக்க வந்த எதிர்வீட்டு சகீனா, தன் வாசலில் யாரோ மஞ்சள் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டுவிட்டுப் போயிருப்பதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு, பெரிய குழாய் வருகிறது, தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் கேஸ் கொண்டுபோக, என்றார்களாம்.

புதுத்தெரு என்று பேர்தானே தவிர அது பழைய தெரு. ஒரு ஷேர் ஆட்டோ வந்தால் எதிரே வரும் பைக் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டும். மண்ணுக்கு அடியிலும் அதே நெரிசல். குடிதண்ணீர்க் குழாய், சாக்கடை, தோல் ஷாப்பின் கழிவுத் தண்ணீர் போகும் குழாய் என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. முந்தைய வருஷம் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் மற்ற இரண்டையும் உடைத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குக் குழாயைத் திறந்தால் நுரையும் பச்சைத் தோல் நாற்றமுமாகத் தண்ணீர் வந்தது. தெருவில் பாதிப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பூர்ணிமாவின் மகன் வசந்தும் அதில் ஒருவன். அதனால்தான் கேஸ் என்றதும் அவள், தண்ணீர்க் குழாயை உடைத்தவர்கள் இதை மட்டும் உடைக்காமல் விடுவார்களா என்று மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். கேட்டுக் கேட்டே கூட்டம் சேர்ந்தது.

முதல் கூட்டம் மில்லிலேயே நடந்தது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஞ்சாட்சரத்தைக் கமிட்டித் தலைவராக்கினார்கள். அவர் ஆபீசுகளில் ஏறி இறங்கிப் பழகியவர், பேசத் தெரிந்தவர். வீடு வீடாக ஏறி இறங்கியது பூர்ணிமா. கதவைத் திறக்காதவர்களிடம் ஜன்னல் வழியாகப் பேசினாள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் பேசட்டும் என்றார்கள், வீட்டுக்காரர்கள் குடியிருப்பவர்கள் பேசட்டும் என்றார்கள். கேஸ் கம்பெனியிலிருந்து ஓர் இளைஞன் வந்து, சிலிண்டரைவிட இது பத்திரமானது, இரும்புக் குழாய், இவ்வளவு ஆழம் என்று படம் காட்டினான். மரியாதையாகத்தான் பேசினான். சகீனா வீட்டில் பிரியாணிக் கடை. அவள் எழுந்து, எங்கள் அடுப்புக்கு விறகு போதும், ஃபேக்டரிக்குப் போகிற கேஸ் ஏன் என் வாசலில் போகணும் என்று கேட்டாள். அதற்கு மட்டும் அவனிடம் படம் இல்லை.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சாமிக்கண்ணு நகரிலிருந்து சுந்தரி இந்தக் கூட்டங்களுக்கு வந்ததுதான் பலருக்கும் புரியவில்லை. அவள் தெருவே வேறு. பூர்ணிமாவின் கணவர் செல்வகுமார் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்த அதே ஷூ கம்பெனியில் அவள் தையல் லைனில் இருந்தாள். மில்லுக்குக் கேழ்வரகு அரைக்க வந்து பழக்கமாகி, பழக்கம் சிநேகிதமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. பூர்ணிமாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது, ஷிஃப்ட் முடிந்து நேராக மில்லுக்கு வந்து மிஷினை ஓட்டியது சுந்தரிதான்.

கேஸ் என்ற வார்த்தை அவளுக்கு வேறு மாதிரி. அவள் புருஷன் ஒரு தோல் ஷாப்பில் கழிவுத் தொட்டிக்குள் அடைப்பெடுக்க இறங்கினான். விஷவாயு. அவனைத் தூக்க இறங்கியவனும் மேலே வரவில்லை. அந்த கேஸ் வேறு, இந்த கேஸ் வேறு என்று ஒருமுறை பஞ்சாட்சரம் அவளுக்கு விளக்கினார். சுந்தரி முழுசாகக் கேட்டுவிட்டு, “தெரியும் சார். ரெண்டும் கண்ணுக்குத் தெரியாது. அதான் பேஜாரு” என்றாள்.

மனுக்கள் கொடுத்தார்கள். பதில் இல்லை. கோடை தொடங்கியபோது தெரு முனையில் குழாய்கள் வந்து இறங்கின. மறியல் என்று முடிவானது. முந்தின நாள் வரை வருகிறோம் என்றவர்கள், அன்று காலையில் போலீஸ் வண்டியைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். செல்வகுமார் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். பெரிய ரோட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் நின்றார்கள். பூர்ணிமாவுக்கு அழுகை முட்டியது. எல்லோரும் பார்க்க இப்படித் தனியாக நிற்பதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் ரயில்வே கேட் பக்கமிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முன்னால் சுந்தரி. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, அவள் தெருப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்தார்கள், ரோட்டில் உட்கார்ந்தார்கள். பஸ்களும் லாரிகளும் பின்னால் வரிசைகட்டின. அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு புதுத்தெருக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. மத்தியானத்துக்குள் டிவிக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சுவார்த்தைக்குத் தேதி கிடைத்தது.

பேச்சுவார்த்தைக்குத் தெருவிலிருந்து ஐந்து பேர் வரலாம் என்றார்கள். சுந்தரியையும் சேர்க்க வேண்டும் என்று பூர்ணிமா கேட்டாள். தெருக்காரர்கள் மட்டும்தான் என்று பஞ்சாட்சரம் சொன்னார். சுந்தரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ போ, நாங்கள் வெளியே இருக்கிறோம் என்றாள். அவளும் அவளோடு வந்த பெண்களும் தாலுகா அலுவலக வாசலில் இருந்த வேப்பமர நிழலில் உட்கார்ந்து, வாங்கி வந்த பன்னைப் பிய்த்துத் தங்களுக்குள் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் பூர்ணிமா படியேறினாள்.

உள்ளே மேஜைமேல் பெரிய வரைபடம் விரித்திருந்தது. அதிகாரி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். கோபமாகப் பேசவில்லை. கேஸ் ஃபேக்டரிகளுக்குப் போயே ஆக வேண்டும், அரசாங்கம் முடிவு பண்ணியது, வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் எங்கே போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். பிறகு பஞ்சாட்சரம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். விரலை வரைபடத்தில் வைத்து, தண்டவாளத்தைத் தாண்டி, அதை ஒட்டியே கொண்டுபோனார். இப்படிப் போனால் என்ன என்று கேட்டார்.

கம்பெனி இன்ஜினியர் முகம் மலர்ந்தது. “எங்க ரெண்டாவது ஆப்ஷனே அதான் சார். முழுக்கப் பொறம்போக்கு. அப்ஜெக்‌ஷனும் வராது” என்றார்.

விரல் போன இடம் வரைபடத்தில் வெள்ளையாக இருந்தது. ஒரு கோடு, ஒரு கட்டம்கூட இல்லை. அந்த வெள்ளைக்குள் ஒரு மாரியம்மன் கோயிலும் தண்ணீர்த் தொட்டியும் சர்ச் கட்டப் போட்ட அஸ்திவாரமும் வரிசையாகச் சிமென்ட் ஷீட் வீடுகளும் இருந்தன என்பது பூர்ணிமாவுக்குத் தெரியும். மூன்றாவது சந்தில் சுந்தரியின் வீடு. அந்த வீட்டில் அவள் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறாள்.

“அங்க...” என்று ஆரம்பித்தாள்.

பஞ்சாட்சரம் திரும்பாமலே கையை மட்டும் லேசாக உயர்த்தினார். “பூர்ணிமாம்மா, முதல்ல நம்மளுது முடியட்டும்.”

அதிகாரி கவனித்துவிட்டார். நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள் என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பொங்கலிலிருந்து அலைந்த அலைச்சல் அவள் காலில் இருந்தது. வசந்துக்குப் பப்ளிக் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. உன் பெண்டாட்டிதான் லீடரா என்று செல்வகுமாரை மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். இன்னும் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

“ஒண்ணுமில்ல சார்” என்றாள்.

வெளியே வந்ததும் பஞ்சாட்சரம் படியில் நின்று, நம் தெருவில் குழாய் வராது என்று அறிவித்தார். கைதட்டினார்கள். யாரோ பட்டாசு வாங்க ஓடினார்கள். சுந்தரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து பூர்ணிமாவைக் கட்டிக்கொண்டாள். அவள் புடவையில் கம்பெனியில் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனை அடித்தது. “ஜெயிச்சிட்டோம் பூர்ணி” என்றாள். கூட வந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பூர்ணிமாவால் கையைத் தூக்கித் திருப்பி அணைக்க முடியவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சுந்தரி அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பூர்ணிமா மில்லில் இருந்தாளே தவிர மனசு அங்கே இல்லை. கோதுமையில் மிளகாய் நெடி ஏறும்படி மிஷினைத் துடைக்காமல் அரைத்துக் கொடுத்து ஏச்சு வாங்கினாள். செல்வகுமாரிடம் சொன்னபோது, நீ சொல்லியிருந்தாலும் அவர்கள் செய்கிறதைச் செய்திருப்பார்கள், விடு என்றார். அது ஆறுதலாக இல்லை.

பஞ்சாட்சரத்தின் வீட்டுக்குப் போய்க் கமிட்டியை மறுபடி கூட்டச் சொன்னாள். கமிட்டியின் வேலை முடிந்துவிட்டது என்றார் அவர். அந்த இடத்துக்குப் பட்டாவே கிடையாது, அவர்கள் பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

“நமக்காக வந்து ரோட்ல உக்காந்தாங்க சார்.”

“நாமளா கூப்ட்டோம்?”

சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாக இல்லை போலிருந்தது. குரலைத் தாழ்த்தி, பேரப்பிள்ளை படுக்கிற அறைக்கும் அந்த மஞ்சள் அம்புக்குறிக்கும் ஒரு சுவர்தான் இடைவெளி என்றார். தான் செய்தது தப்பு என்று நினைக்கவில்லை, ஆனால் இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். கொடுத்த காபியைக் குடிக்காமல் பூர்ணிமா எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனாள். சுந்தரி வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வா, சாப்பிட்டுத்தான் போகணும் என்றாள். பூர்ணிமா உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: வரைபடம், விரல், வெள்ளை இடம். சுந்தரியின் கை பாதி ஆய்ந்த மீனோடு நின்றுவிட்டது.

“அந்த ரூம்ல நீ இருந்தியா?”

“இருந்தேன்.”

“இன்னா சொன்ன?”

“ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.”

சுந்தரி குண்டானில் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு தலைநிமிராமல், “கிளம்பு பூர்ணி. நான் இப்ப ஏதாவது பேசிடப் போறேன்” என்றாள்.

அந்த வாரத்திலிருந்து சாமிக்கண்ணு நகர்ப் பெண்கள் யாரும் மில்லுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த மில்லுக்கு அவ்வளவு தூரம் மூட்டையைச் சுமந்துகொண்டு போனார்கள். கேட் பக்கம் போகும்போதெல்லாம் பூர்ணிமா அவர்களைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பார்த்தார்கள், போனார்கள்.

ஆடி மாதத்தில் சாமிக்கண்ணு நகருக்குப் பள்ளம் தோண்டும் மிஷின் வந்தது. சேதி சொன்னது சகீனாதான். கடைக்குக் கறி கொண்டுவருகிறவன் பார்த்துவிட்டு வந்து சொன்னானாம். அங்கே பெண்கள் ஜேசிபி முன்னால் உட்கார்ந்துவிட்டார்களாம். பூர்ணிமா மாவு மிஷினை நிறுத்தினாள். ஷட்டரை இறக்கினாள். சகீனா வாசலிலேயே நின்றவள், செருப்பைப் போட்டுக்கொண்டு, நானும் வர்றேன் என்றாள். தெருவில் வேறு யாரையாவது கூப்பிடலாமா என்று பூர்ணிமா நான்கு வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு வீட்டில் காய்ச்சல். ஒரு வீட்டில் விருந்தாளி. இரண்டு வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறக்கவில்லை. இரண்டு பேருமாகப் போனார்கள்.

தண்டவாளத்தை ஒட்டி மண்ணைப் பிளந்து போட்டிருந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பூர்ணிமா வந்து நின்றதைப் பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ முணுமுணுத்தாள். நகர்ந்து இடம் கொடுக்க யாரும் இல்லை. சுந்தரி நடுவில் இருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. மண்மேட்டின் ஓரத்தில், எல்லோருக்கும் கடைசியில், பூர்ணிமா உட்கார்ந்தாள். பக்கத்தில் சகீனா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

இங்கே யாரும் டீ வரவழைக்கவில்லை. டிவியும் வரவில்லை. ஒருதரம் எச்சரித்தார்கள், பிறகு தூக்கினார்கள். புதுத்தெரு மறியலில் அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்கம்மா என்று பேசிய அதே போலீஸ்காரர்கள்தான். இங்கே வா போ என்று பேசினார்கள். ஒருத்தியின் கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழித்தது. வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். யாரோ முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடித் தொங்கியது.

மண்டபத்தில் ஒவ்வொருவர் பேராகக் கேட்டு எழுதினார்கள். புதுத்தெரு மறியலின்போது யாரும் பேர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் பூர்ணிமாவுக்கு உறைத்தது. அவள் முறை வந்தபோது இன்ஸ்பெக்டர் அடையாளம் கண்டுகொண்டார். நீங்கள் புதுத்தெரு ஆயிற்றே, உங்கள் பிரச்சினைதான் முடிந்துவிட்டதே, இங்கே ஏன் வந்து மாட்டிக்கொண்டீர்கள் என்று நல்லவிதமாகத்தான் கேட்டார். கூட வந்த பாய் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்றார். கதவும் திறந்துதான் இருந்தது. பின்னால் பெண்களின் பேச்சு நின்றுவிட்டதை அவள் உணர்ந்தாள்.

“என் பேரையும் எழுதுங்க சார்.”

“கேஸாயிடும்மா. கோர்ட்டு, அலைச்சல் எல்லாம் ஜாஸ்தி.”

“பரவால்ல. பூர்ணிமா, புருஷன் பேரு செல்வகுமார்.”

சகீனா முட்டியைத் தேய்த்துக்கொண்டே, தன் பேரையும் சொன்னாள்.

யாரும் கைதட்டவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் வந்தபோது, பேர் தெரியாத ஒரு பெண் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். சுந்தரி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் விட்டார்கள்.

குழாய் நிற்கவில்லை. சாமிக்கண்ணு நகர்ப் பெண்கள் திருப்பத்தூர் கலெக்டர் ஆபீஸ் வரை போய் மனு கொடுத்தார்கள். பூர்ணிமாவும் ஒவ்வொரு முறையும் போனாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான்: வீட்டுச் சுவரை ஒட்டிப் போக இருந்த பள்ளம் தண்டவாளப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப்போனது. கார்த்திகைக்குள் மண்ணை மூடிவிட்டார்கள். வீடுகளுக்கு எதிரே மஞ்சள் கம்பங்கள் நின்றன. இங்கே தோண்டாதீர்கள் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் கேஸ் இணைப்பு வரவில்லை. பட்டா இல்லாத வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்களாம்.

புதுத்தெருவிலும் அவளுக்குப் பழைய மாதிரி இல்லை. பஞ்சாட்சரம் வீட்டிலிருந்து அரைக்க வேலைக்காரிதான் வந்தாள். முடிந்துபோன விஷயத்தைக் கிளறி ஊர்ப் பகையைத் தேடிக்கொண்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். செல்வகுமாரை நைட் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கேஸ் வாய்தா வாய்தாவாகப் போனது. திருப்பத்தூர்க் கோர்ட்டு வராந்தாவில் எல்லோரும் ஒன்றாகத்தான் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு வாய்தாவில் சுந்தரி அவளிடம் பேசவில்லை. மூன்றாவது வாய்தாவில், பெஞ்சில் வேறு இடம் இல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வசந்த் எந்தக் காலேஜில் சேர்ந்தான் என்று கேட்டாள். பூர்ணிமா சொன்னாள். தூரம்தான், பஸ் இருக்கிறதா என்றாள். இருக்கிறது என்றாள் பூர்ணிமா. பிறகு வெகுநேரம் இரண்டு பேரும் வக்கீல்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ராத்திரில பாதித் தூக்கத்துல எழுந்து மோந்து பாக்கறேன்” என்றாள் சுந்தரி. “ஒரு வாசனையும் வராது. தெரியுது. இருந்தாலும் எழுந்துடறேன்.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பூர்ணிமா எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தாள். சுந்தரி தலையை ஆட்டித் தடுத்துவிட்டாள்.

“நீ சொல்லியிருந்தா மட்டும் நின்னிருக்குமான்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். நின்னிருக்காது. ஆனா நீ சொல்லியிருக்கலாம் பூர்ணி. அதான் ஆறமாட்டேங்குது.”

“ஆமா” என்றாள் பூர்ணிமா. “சொல்லியிருக்கணும்.”

உள்ளே பேர் கூப்பிட்டார்கள். போய் நின்றார்கள். அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்தபோது ஆம்பூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, எல்லோரும் ஓடினார்கள். சுந்தரி முன்னால் ஏறித் தன் தெருப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். பூர்ணிமாவுக்குப் பின்னால் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே சுந்தரியின் முதுகைப் பார்த்தபடியே அவள் ஊர் வந்து சேர்ந்தாள்.